பத்து மடங்கு என்னும் பாதிக்கணக்கு

சென்ற இதழில் நண்பர் ஒருவர் லித்தியம் பாட்டரிக்கு இரங்கற்பா எழுதியிருந்தார். அதோடு நின்றாரா என்றால் இல்லை. மண்ணுக்கடியில் ஓடும் மின்கேபிளின் காப்புறைக்கும், நம் வீட்டு ஃபேன் கண்டன்சருக்குள் சுருண்டு கிடக்கும் பாலிப்ரொப்பிலீன் படலத்துக்கும் சேர்த்தே பால் தெளித்துவிட்டார். மூன்றையும் ஒரே நாளில் சாகடித்த பொருள், அவர் சொல்படி, பீங்கான் பொடி கலந்த பாலிமர்.

அவருடைய வாதத்தை நியாயமாகவே சுருக்கித் தருகிறேன். பாலிமரின் விடுதிறன் 2, 3 என்ற அளவில்தான் இருக்கிறது. பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கானுக்கோ அது ஆயிரக்கணக்கில். இரண்டையும் கலந்தால் பாலிமரின் விடுதிறன் பத்து மடங்கு, நூறு மடங்கு உயரும். மின்தேக்கியில் சேரும் ஆற்றல் விடுதிறனுக்கு நேர்விகிதம் என்பதால் ஆற்றலும் அத்தனை மடங்கு. அதே பொருள் மின்காப்புக்கும் மிகச் சிறந்தது. இதெல்லாம் தெரிந்தும் தொழிற்சாலைகள் பழைய பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு அழுவது வெறும் சோம்பல்.

ஆறு வாக்கியங்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது அரைகுறை. நான்காவது, பள்ளிக்கூடச் சூத்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னது. ஐந்தாவது தலைகீழ். ஆறாவது அவதூறு.

விழுங்கப்பட்ட பாதியிலிருந்து தொடங்குகிறேன். விடுதிறன் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் ஏறும் மின்னூட்டத்தைவிட, ஒரு பொருளை நிரப்பினால் எத்தனை மடங்கு கூடுதலாக ஏறும் என்று சொல்லும் எண். ஃபாரடே 1830களில் கந்தகத்தையும் கண்ணாடியையும் அரக்கையும் வைத்து அளந்து பார்த்தது இதைத்தான். ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் எவ்வளவு ஆற்றல் சேரும் என்று கேட்டால், விடுதிறன் மட்டும் பதில் சொல்லாது. அந்தப் பொருள் எவ்வளவு மின்புலம் தாங்கும் என்பதும் வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல, வர்க்கமாக. விடுதிறன் இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு. தாங்கும் புலம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த இந்த வர்க்கம், நண்பரின் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. மறந்தாரா, மறைத்தாரா என்று தெரியவில்லை. மறதியாகவே இருக்கட்டும்.

இப்போது கணக்கு. நல்ல பாலிப்ரொப்பிலீன் படலத்தின் விடுதிறன் 2.2. ஆய்வகத்தில் அது மைக்ரோமீட்டருக்கு 640 வோல்ட் தாங்கும் என்று வையுங்கள், தாங்கும். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 ஜூல் வருகிறது. அதில் பீங்கான் பொடியைக் கொட்டி விடுதிறனை 22 ஆக்குகிறோம். சரியாகப் பத்து மடங்கு, நண்பர் கேட்டபடி. ஆனால் அவ்வளவு பொடி கொட்டிய கலவை, பழைய புலத்தில் கால்வாசி தாங்குவதே பெரிய பாடு. மைக்ரோமீட்டருக்கு 160 வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மறுபடி பெருக்கிப் பாருங்கள்: 2.5 ஜூல். விடுதிறன் பத்து மடங்கு ஏறியது, ஆற்றல் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இறங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நண்பர் பொடியை மட்டும் அளந்தார்.

புலம் ஏன் விழ வேண்டும்? அதிசயப் பொருளின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால்தான் இது விளங்கும். விடுதிறன் 3 உள்ள பாலிமருக்குள் விடுதிறன் 2,000 உள்ள சிறு கோளம் ஒன்று கிடக்கிறது. வெளியிலிருந்து மின்புலம் கொடுக்கிறோம். கோளத்துக்குள் எவ்வளவு புலம் நுழைகிறது? கொடுத்ததில் அரை சதவீதம்கூட இல்லை. மீதி அத்தனையும் சுற்றியுள்ள பாலிமரின் தலையில். அதிலும் கோளத்தின் இரு துருவங்களில், பாலிமர் தாங்க வேண்டிய புலம் கொடுத்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டு மாடு பூட்டிய வண்டியில், கொழுத்த மாடு சும்மா நடக்க, இளைத்த மாடு மொத்தச் சுமையையும் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. பேரியம் டைட்டனேட்டின் ஆயிரத்தை நம்பி அதைச் சேர்த்தோம். அந்த ஆயிரம் வேலைக்கே வரவில்லை. வேலை செய்து சாவது பழைய பாலிமர்தான்.

விடுதிறன்கூட அவர் நினைத்தபடி ஏறுவதில்லை. மாக்ஸ்வெல் கார்னெட் 1904இல் தந்த கலவை விதியை வைத்துப் போட்டால், விடுதிறன் 3 உள்ள பாலிமரில் கன அளவில் 10 சதவீதம் பொடி கலந்தால் கிடைப்பது 4. 30 சதவீதத்தில் ஏழைத் தொடாது. சரிபாதி கலந்தால் 12. துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று தொடத் தொடங்கும்போது அளவீட்டில் இதைவிடக் கூடுதலாக, 20, 30 என்று வரும் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொடுதல்தான் முறிவுக்கு, அதாவது மின்சாரம் காப்பை உடைத்துக்கொண்டு பாய்வதற்கு, போட்ட ஒற்றையடிப்பாதை. பேரியம் டைட்டனேட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6 கிராம். கன அளவில் சரிபாதி என்றால் எடையில் ஆறில் ஐந்து பங்கு பீங்கான். அதைப் பாலிமர் என்று அழைப்பது மரியாதைக்காகத்தான்.

கட்டுரையின் பெரும்பகுதி ஆய்வகச் சாதனைப் பட்டியல். இந்த ஆண்டு இத்தனை ஜூல், அடுத்த ஆண்டு அத்தனை ஜூல், கடைசியில் கன சென்டிமீட்டருக்கு 30 ஜூல் என்று முடிகிறது. அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை எப்படிப் பிறந்தவை என்பதைச் சொல்கிறேன். நகம் அளவு படலம். அதன்மேல் சில மில்லிமீட்டர் விட்டத்தில் தங்கப் பூச்சு. சுற்றிலும் எண்ணெய். வோல்ட்டேஜை மெல்ல ஏற்றுவார்கள், மாதிரி முறியும். பல மாதிரிகளை இப்படி முறித்து, வைபுல் புள்ளியியலில் போட்டு ஒரு எண் எடுப்பார்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 63.2 சதவீத மாதிரிகள் செத்துப்போகும் புலம். ஐந்தில் மூன்று பேருக்கு மேல் விபத்தில் இறந்த வேகத்தை, சாலை ஓரத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் என்று பலகை நட்டால் எப்படி இருக்கும்? நண்பர் நட்டிருப்பது அந்தப் பலகை.

பரப்பு என்ற தொல்லை வேறு. சங்கிலி தன் பலவீனமான கண்ணியில் அறுவதுபோல, படலம் தன் மோசமான புள்ளியில் முறியும். பரப்பு கூடக் கூட மோசமான புள்ளி அகப்படும் வாய்ப்பும் கூடும். ஆய்வக மாதிரி சில சதுர மில்லிமீட்டர். ஒரு மின்தேக்கிக்குள் சுற்றியிருப்பது பல சதுர மீட்டர். பத்து லட்சம் மடங்கு பரப்பு. முறிவுப் புலங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் வைபுல் வடிவ எண்ணை (சிதறல் கூடினால் இது குறையும்) 10 என்று வைத்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே தாங்கும் புலம் நான்கில் ஒன்றாகிறது. வர்க்கத்தின் தயவில் ஆற்றல் பதினாறில் ஒன்று. சுத்தமான பாலிப்ரொப்பிலீனுக்கே இந்த விதி உண்டு. பொடி திரண்டு கட்டிபிடித்த கலவைக்கு வடிவ எண் இன்னும் கீழே போகும், தண்டனை இன்னும் கூடும். கண்டன்சர் படலத்தின் தடிமன் 3 மைக்ரோமீட்டர், 5 மைக்ரோமீட்டர். அதில் 2 மைக்ரோமீட்டருக்கு ஒரு பொடிக்கட்டி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புள்ளியியல் வேண்டாம்.

தொழிற்சாலைக்காரனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், அந்தப் படலம் எப்படிப் பிறக்கிறது என்று அவர் ஒருமுறை பார்த்திருக்கலாம். உருக்கிய பாலிப்ரொப்பிலீனைத் தகடாக்கி, நீளவாக்கில் ஏறத்தாழ ஐந்து மடங்கு, பிறகு அகலவாக்கில் எட்டு, ஒன்பது மடங்கு இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் அதன் மின்காப்பு வலிமையே வருகிறது. இதே இழுப்பைப் பொடி கலந்த பாலிமருக்குக் கொடுத்தால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் பாலிமர் பிய்ந்து நுண்ணிய ஓட்டை விழும். இது என் கற்பனை அல்ல. ஒரு தொழிலே இதன்மேல் நடக்கிறது. குழந்தைகளின் டயப்பருக்கு வெளியே ஒட்டும் காற்றோட்டப் படலம் இப்படித்தான் செய்யப்படுகிறது: பாலிஎத்திலீனில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்து, இழுத்து, வேண்டுமென்றே ஓட்டை போடுகிறார்கள். டயப்பருக்கு உகந்த தொழில்நுட்பம். ஆயிரம் வோல்ட்டுக்கு அல்ல.

ஃபேன் கண்டன்சரை ஏளனமாக எழுதியிருந்தாரே, அதற்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. படலத்தின்மேல் உலோகம் சில பத்து நானோமீட்டர் தடிமனில் பூசப்பட்டிருக்கும். எங்காவது ஒரு புள்ளி முறிந்தால், அந்த இடத்துச் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி, புண் தானாகத் தனித்துப்போகும். கண்டன்சர் தொடர்ந்து ஓடும். பத்து வருடத்தில் 2.5 மைக்ரோஃபாரட் 2.2 ஆகி ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரர் "கண்டன்சர் வீக் ஆயிடுச்சு" என்கிறார், அவ்வளவே. இந்தத் தன்னாறுதலுக்கு, எரிந்த பாலிமர் கரியை மிச்சம் வைக்காமல் வாயுவாகப் போக வேண்டும். பாலிப்ரொப்பிலீன் போகும். புண்ணில் உருகி உறைந்த டைட்டனேட் எங்கே போகும்? இதைப் பற்றிச் சாதனைப் பட்டியலில் ஒரு வரி இல்லை. ஏனென்றால் அங்கே மாதிரி முறிந்ததும் குப்பைத்தொட்டி, அடுத்த மாதிரி.

இழப்பைப் பற்றியும் அவர் பேசவில்லை. போட்ட ஆற்றலில் எவ்வளவு திரும்ப வருகிறது, எவ்வளவு சூடாகப் போகிறது என்பது. இந்த இழப்பைக் காட்டும் எண்ணுக்கு டேன் டெல்டா என்று பெயர்; பாலிப்ரொப்பிலீனுக்கு அது 0.0002 அளவில். அதிக விடுதிறனுக்காகத் தூக்கிப்பிடிக்கப்படும் பி.வி.டி.எஃப். என்ற பாலிமரும் அதன் பேரியம் டைட்டனேட் கலவைகளும், உயர் புலத்தில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கைச் சூடாக்கிவிடுவது சாதாரணம். அவ்வளவு வேண்டாம், 5 சதவீத இழப்பு என்றே வையுங்கள். கன சென்டிமீட்டருக்கு 1 ஜூல், நொடிக்கு ஆயிரம் தடவை ஏற்ற இறக்கம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 50 வாட் சூடு. ஒரு சாலிடரிங் அயர்னின் மொத்தச் சக்தி ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில். மின்காரின் இன்வெர்ட்டரில் ஆயிரம் தடவை என்பது மெதுவான வேகம்.

நூறு மடங்கு என்று எழுதினாரே, அந்த எண் பீங்கானால் வருவதும் அல்ல. கார்பன் நானோகுழாயையோ நிக்கல் தூளையோ பாலிமரில் கலந்து, அவை ஒன்றோடொன்று கைகோத்து மின்சாரம் கடத்தப்போகும் விளிம்பில் நிறுத்தினால், விடுதிறன் நூற்றுக்கணக்கில் ஏறுவதாக மீட்டர் காட்டும். கூடவே டேன் டெல்டாவும் ஏறி 1ஐத் தாண்டும். டேன் டெல்டா 1 என்றால், உள்ளே போகும் மின்னோட்டத்தில் தேங்குவதற்கு இணையாகக் கசிவதும் இருக்கிறது என்று பொருள். எங்கள் பட்டறையில் அதற்கு வேறு பெயர்: லீக்கேஜ். மெக்கர் என்ற காப்புச்சோதனைக் கருவியை வைத்துப் பார்க்கிற எந்தப் பையனும் அதைக் கண்டன்சர் என்று சொல்லமாட்டான்.

இங்கே அவர் நம் பெருமையையும் இழுத்திருக்கிறார். சென்னையில் பிறந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியன், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் இருந்தபோது, கால்சியம் காப்பர் டைட்டனேட்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும் விடுதிறன் இருப்பதைக் குழுவோடு வெளியிட்டார். பெருமைக்குரியதுதான். பின்னர் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2009இல், அவருடைய குழு கண்ட புதிய நீல நிறமிக்காக உலகம் அவரை இன்னும் நன்றாக அறிந்துகொண்டது. ஆனால் 2002இல் சின்க்ளேரும் வெஸ்டும் சகாக்களும் காட்டியது என்ன? அந்தப் பீங்கானின் மணிகள் ஓரளவு கடத்துபவை. மணிகளுக்கு இடையிலான எல்லைதான் மின்காப்பு. பத்தாயிரம் என்பது பொருளின் இயல்பைவிட, மெல்லிய எல்லைகள் மொத்தத் தடிமனுக்கும் சேர்த்துப் போட்ட வேஷம். மணிகளைப் பொடியாக்கிப் பாலிமரில் தூவினால் அந்த எல்லைகளே பெரிதும் சிதைந்துவிடுகின்றன. ஊர்ப்பாசம் இயற்பியலுக்குப் பதிலாகாது.

நண்பரின் கனவை ஏற்கெனவே ஒருவர் கண்டு, காசும் வாங்கி, கணக்கும் முடித்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாதா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஈஸ்டோர் என்றொரு நிறுவனம். 2006இல் பெற்ற காப்புரிமையில் 31 ஃபாரட், 3,500 வோல்ட், 52 கிலோவாட்-மணி சேமிக்கும் பேரியம் டைட்டனேட் அலகு ஒன்றை விவரித்தது. மின்காரை ஓட்டும், சில நிமிடத்தில் சார்ஜ் ஆகும் என்றார்கள். அடுத்த காப்புரிமையில் பொடியைப் பெட் பிளாஸ்டிக்கில், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் பாலிமரில், கலந்தார்கள். கனடாவின் ஜென் என்ற மின்கார் நிறுவனம் பணம் போட்டது. லாக்ஹீட் மார்ட்டின் ஒப்பந்தம் போட்டது. கார் எதுவும் அந்த அலகில் ஓடவில்லை.

ஓடாததன் காரணம் பேரியம் டைட்டனேட்டின் பிறவிக்குணம். அதன் ஆயிரக்கணக்கான விடுதிறன் மெல்லிய புலத்தில் அளந்தது. புலம் ஏற ஏற, திரும்ப வேண்டிய மின் இருமுனைகள் எல்லாம் திரும்பி முடித்துவிடும். அதற்குமேல் கொடுத்தால் வாங்க ஆளில்லை. மைக்ரோமீட்டருக்கு 200 வோல்ட் புலத்திலும் விடுதிறன் 18,000 மாறாமல் நிற்கிறது என்று வாதத்துக்கு வைத்தால், சதுர மீட்டருக்கு 32 கூலும் மின்னூட்டம் தேங்க வேண்டும். பேரியம் டைட்டனேட்டின் இயல்பான முனைவாக்கம் 0.26 கூலும். நூற்றிருபது மடங்கு எங்கிருந்து வரும்? செல்ஃபோன் பழுதுபார்க்கிறவரைக் கேளுங்கள், போர்டில் இருக்கும் பீங்கான் கண்டன்சர், முழு வோல்ட்டேஜில் தன் மேல் எழுதிய மைக்ரோஃபாரடில் பாதியைக்கூடக் காட்டாமல் போவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பாட்டரி ஒப்பீட்டுக்கு இரண்டு வரி போதும். நண்பரின் உச்சச் சாதனையான 30 ஜூலையே, எந்தக் கழிவும் இல்லாமல், எடுத்துக்கொள்வோம். விரல் தடிமனுள்ள ஒரு நல்ல 18650 லித்தியம் செல்லில் கன சென்டிமீட்டருக்கு 2,300 ஜூலுக்குக் குறையாது. ஒரு மின்ஸ்கூட்டரின் 3 கிலோவாட்-மணியை அவருடைய படலத்தில் அடைக்க 360 லிட்டர் வேண்டும், எடை பல நூறு கிலோ. இன்றைய கண்டன்சர்கள் நிஜத்தில் தரும் 1 ஜூல் கணக்கில் என்றால் ஸ்கூட்டருக்குப் பின்னால் சென்னைத் தண்ணீர் லாரி ஒன்றை இழுத்துச் செல்ல வேண்டும். மின்தேக்கியின் பெருமை தேக்குவதில் இல்லை, கொட்டுவதில் இருக்கிறது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் சில நூறு ஜூலைச் சில மில்லி நொடியில் கொட்டுகிறதே, அது பாட்டரியால் நேரடியாக ஆகாத காரியம். இரண்டும் வேறு வேறு சாதி. ஒன்றை ஒன்று கொல்லப்போவதில்லை.

இனி ஐந்தாவது வாக்கியம். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான், ஏனென்றால் நம்பிச் செய்கிறவர் யாராவது இருந்தால் ஆள் சாவார். அதிக விடுதிறன் மின்காப்புக்குச் சிறந்தது என்கிறார். மின்காப்பின் வேலை மின்னூட்டத்தைத் தேக்குவதா? மின்சாரத்தைத் தன் பாதையில் போகவிட்டு, வெளியே வராமல் தடுப்பது. அதற்கு விடுதிறன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 110 கிலோவோல்ட் கேபிள் ஒன்றை எடுங்கள். காப்புறை எக்ஸ்.எல்.பி.இ. எனப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன், விடுதிறன் 2.3. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். மறுமுனையில் ஒரு பல்பு எரியாவிட்டாலும், கேபிளைச் சும்மா சார்ஜ் செய்து இறக்கவே கிலோமீட்டருக்கு 4 ஆம்பியர் ஓடும். விடுதிறனைப் பத்து மடங்காக்கினால் 40 ஆம்பியர். 20 கிலோமீட்டர் கேபிளில் 800 ஆம்பியர். பெரும்பாலான கேபிள்களின் மொத்தத் தகுதியே அவ்வளவுதான். ஊருக்கு மின்சாரம் போகாது; கேபிள் தன்னையே ஊட்டிக்கொண்டு படுத்திருக்கும். கடலடி மாறுமின்சாரக் கேபிள்கள் நெடுந்தூரம் போக முடியாமல் நேர்மின்சாரத்துக்கு மாறுவதே இந்தச் சார்ஜ் மின்னோட்டத்தால்தான். அதைக் குறைக்கத் தவிக்கிறவனிடம் பத்து மடங்கு தருகிறேன் என்கிறார்.

சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். டேன் டெல்டா 0.001 உள்ள எக்ஸ்.எல்.பி.இ.யில் மேற்படி கேபிள் மீட்டருக்குக் கால் வாட் இழக்கும். விடுதிறன் 23, டேன் டெல்டா 0.02 உள்ள கலவையில் இழப்பு இருநூறு மடங்கு: மீட்டருக்கு 50 வாட், ஒவ்வொரு ஃபேஸிலும், இரவும் பகலும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மண்ணுக்கடியில் அந்தச் சூடு போக இடமில்லை. சூடேறினால் டேன் டெல்டா இன்னும் ஏறும், அது இன்னும் சூடேற்றும். முடிவு என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிட நுட்பமான ஆபத்து காற்றுக்குமிழி. எந்தக் காப்புறையிலும் எங்கோ ஒரு தட்டையான இடைவெளி இருக்கக்கூடும், குறிப்பாக ஜாயிண்ட்டில். அந்தக் காற்றில் ஏறும் புலம், சுற்றியுள்ள பொருளின் புலத்தைப்போல் விடுதிறன் மடங்கு. மில்லிமீட்டருக்கு 6 கிலோவோல்ட்டில் இயங்கும் காப்புறையில், விடுதிறன் 2.3 என்றால் குமிழிக்குள் சுமார் 14. விடுதிறன் 23 என்றால் 138. சாதாரணக் காற்று தாங்குவது மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட். மைக்ரோமீட்டர் அளவு இடைவெளியில் அது கூடும் என்றாலும் 138ஐத் தாங்கும் குமிழி அரிது. உள்ளுக்குள் பொறி பறந்துகொண்டே இருக்கும், காப்புறையை அரித்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் ஒரு 11 கிலோவோல்ட் கேபிளின் முனைக்கு நான் போட்ட டெர்மினேஷனில் கிரீஸ் சரியாக நிரம்பாமல் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் அது வெடித்தது. கூடவே போயிருந்த மூத்த ஜாயிண்டர் கருகிய துண்டைக் கையில் கொடுத்து, "வச்சுக்க தம்பி, இதுதான் உன் சர்டிபிகேட்" என்றார். இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

அந்த டெர்மினேஷன் நினைவில் வந்ததும் நண்பருக்கு ஒரு உதவியும் செய்யத் தோன்றுகிறது. அதிக விடுதிறன் பாலிமர் கூட்டுப்பொருள் வெற்றிகரமாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, அதை அவர் ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை. கேபிளின் வெளித்திரையை வெட்டும் இடத்தில் மின்புலம் ஒரே விளிம்பில் குவியும். அங்கே ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் டியூப் என்ற ஒரு குழாயைச் சூடாக்கிச் சுருக்கிப் போடுவோம். அதன் விடுதிறன் 15, 20 என்று அதிகம். புலக்கோடுகளை அது ஒளிக்கதிர்போல் வளைத்து, விளிம்பிலிருந்து பரப்பிவிடும். அது காப்புறையின் இடத்தைப் பிடிக்கவில்லை. நல்ல காப்புறையின்மேல் உட்கார்ந்து புலத்துக்கு வழிகாட்டுகிறது. நம் ஊர்த் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏறும் கேபிளின் முனையிலும் இது இருக்கும். எபாக்சியில் பேரியம் டைட்டனேட் கலந்து மின்சுற்றுப் பலகைக்கு உள்ளேயே மெல்லிய மின்தேக்கி அடுக்காக வைப்பதும் சந்தையில் உள்ளதுதான். அங்கே வோல்ட்டேஜ் குறைவு, ஆற்றல் பொருட்டல்ல. இவையெல்லாம் அடக்கமான வெற்றிகள். அடக்கமானவை தலைப்பாவதில்லை போலும்.

அவர் பட்டியலில் பெருமையாகக் காட்டிய இன்னோர் ஆய்வைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த எதிர்வினை முழுமையாகாது. 2015இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிங் வாங் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது. குறுக்குப்பிணைப்பு பாலிமரில் நுண்தகடுகளைக் கலந்து, 250 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும் படலம் செய்தார்கள். பாலிப்ரொப்பிலீன் 105 டிகிரியைத் தாண்டத் தடுமாறும் என்பதால் இது உண்மையான முன்னேற்றம். நண்பர் இதைத் தன் கட்சிச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார். அவர்கள் கலந்தது என்ன? பேரியம் டைட்டனேட் அல்ல, போரான் நைட்ரைடு. அதன் விடுதிறன் நான்கின் அருகில், கிட்டத்தட்ட பாலிமருக்குச் சமம். கசிவைத் தடுக்கவும், சூட்டைக் கடத்தவும், முறிவின் பாதையை அடைக்கவும் சேர்த்தது. விடுதிறனைத் தொடாமல், புலத்தைக் காப்பாற்றி வென்றார்கள். எதிர்க்கட்சிச் சாட்சியைத் தன் கூண்டில் ஏற்றிவிட்டு, அவர் சொன்னதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார் நண்பர்.

அடுத்த கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறார். வரட்டும். அதில் விடுதிறன் என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் நான்கு எண்கள் மட்டும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் புலத்தில் அளந்தது, எந்த அதிர்வெண்ணில், டேன் டெல்டா எவ்வளவு, மாதிரியின் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர். ஆசிரியர் அந்த நான்கு எண்களும் இல்லாத பக்கத்தை அச்சுக்கு அனுப்பாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.